மூன்றாம் நாளுக்கான பயிற்சி எங்கே?

பேரிடர் மேலாண்மைப் பயிற்சி நடத்தும் அதிகாரிகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் தொண்டு நிறுவனத்தாருக்கும் ஒரு திறந்த மடல்



காவிரி டெல்டாவில் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆட்சியர் அலுவலகக் கூட்டரங்கிலும் தீயணைப்பு நிலையத் திடலிலும் கடற்கரை ஊர்களின் புயல் பாதுகாப்பு மையங்களிலும் நீங்கள் நடத்தும் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்; பணியில் மூத்த பிறகு முன்வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருகிற அந்த வகுப்புகள் எனக்கு மனப்பாடம். கயிற்றில் முடிச்சுப் போடுவது, காற்றடைத்த படகில் ஏறுவது, காலித் தண்ணீர்க் கேன்களைக் கட்டி மிதவை செய்வது, சி.பி.ஆர். கொடுப்பது என்று எல்லாவற்றையும் அக்கறையோடுதான் சொல்லித் தருகிறீர்கள். அவற்றில் குற்றம் காண நான் வரவில்லை. உங்கள் பாடம் எங்கே நின்றுபோகிறது என்பதுதான் என் கவலை. அது பேரிடரின் இரண்டாம் நாள் மாலையோடு நின்றுபோகிறது. பாதிக்கப்பட்டவரின் சிக்கலோ மூன்றாம் நாள் காலையில்தான் தலையெடுக்கிறது. பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அந்த நீண்ட காலத்துக்கு நம் ஊழியர்களை யாரும் பழக்குவதில்லை.

நடந்திருக்கும் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.28 மணிக்கு சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அலை நாகப்பட்டினத்தைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அவகாசம் முழுக்க வீணாகப் போயிற்று. கார் நிகோபார் விமானப் படைத் தளத்தில் தண்ணீர் புகுந்த செய்தி நிலப்பரப்புக்கு வந்தும், கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்களின் காதுக்கு அதைக் கொண்டுபோக வழி இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் சுமார் 6 ஆயிரம் பேர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். அடுத்த ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது. அதன் 4ஆம் படைப்பிரிவு நம் அரக்கோணத்தில் இருக்கிறது. 2007இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் வேலையைத் தொடங்கியது. அதன் பிறகு ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் ஊர் இளைஞர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்தார்கள். இதே கிழக்குக் கரையில் ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் அங்கே ஏறக்குறைய 10 ஆயிரம் பேர் மாண்டார்கள். 2019இல் ஃபானி புயல் வந்தபோது 12 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றி, உயிரிழப்பை 64இல் நிறுத்தினார்கள்.

ஆக, உயிரைக் காப்பாற்ற ஓரளவு கற்றுக்கொண்டோம். காப்பாற்றிய உயிர் மறுபடி தன் காலில் நிற்பதற்கு உதவ இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இதற்கு நான் கஜா புயலைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எச்சரிக்கை சரியாக இருந்தது. தாழ்வான பகுதி மக்கள் முந்தைய நாளே முகாம்களுக்கு வந்துவிட்டார்கள். அன்று காலை அரசுக்கு எதிர்க்கட்சியிடமிருந்துகூடப் பாராட்டு வந்தது. மறுநாளே புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் சாலை மறியல்; அரசு வாகனங்கள் கொளுத்தப்பட்டன. ஒரே நாளில் எப்படி இது தலைகீழானது? ஒத்திகை எல்லாம் கடற்கரையில் நடந்திருந்தது. காற்றோ பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, ஆலங்குடி என்று உள்ளே புகுந்து, தன்னைப் புயல் ஊர் என்று ஒருநாளும் நினைத்திராத ஊர்களைப் புரட்டிப்போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. ஊர்க்காரர்கள் தாங்களே காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்பினார்கள். சோறு ஆக்கத் தண்ணீர் இல்லாத வீட்டுக்காரர் முன்னால், இரண்டாம் நாள் ஜீப்பில் போய் இறங்கிய அலுவலர் என்ன பேச வேண்டும்? கையில் கொடுக்க எதுவும் இல்லாதபோது எப்படி நிற்க வேண்டும்? எந்த வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது? இதற்கு ஒரு மணி நேர வகுப்பாவது யாராவது எடுத்திருக்கிறீர்களா? அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டோம். அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர்கள். அவர்களுக்கும் முன்னால் நின்றவர்கள் தலையாரிகள்.

அடுத்தது கணக்கெடுப்பு. பேரிடர் முடிந்து ஒரு வாரத்தில் ஊருக்குள் பெரிய சண்டை வருவது இதில்தான். சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. தோப்புக்குள் போய் நின்று பாருங்கள். வேரோடு சாய்ந்த மரத்தில் குழப்பம் இல்லை. மட்டையெல்லாம் ஒடிந்து, குருத்து முறுக்கிக்கொண்டு, நிமிர்ந்து நிற்கிறதே ஒரு மரம், அது நாலு மாதத்தில் பட்டுப்போகும் என்று தோப்புக்காரருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை எழுதுவதா, விடுவதா? பட்டா அப்பா பேரில். அப்பா இறந்து பத்து வருடம். கூட்டுப் பட்டாவில் நாலு அண்ணன் தம்பி, ஒருவர் சிங்கப்பூரில். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மூன்று தலைமுறையாகத் தென்னை வளர்த்தவர் கையில் சீட்டு எதுவும் இல்லை. ஊரே அவருக்குச் சாட்சி. புறம்போக்கில் வைத்த பதினைந்து மரம்தான் ஒரு கிழவிக்கு முழு வருமானம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அவள் என்ன செய்வாள் என்பது எந்தப் படிவத்திலும் கிடையாது.

இப்படிப்பட்ட இடத்தில் முப்பது வயது அலுவலர் ஒருவர் கையில் பேனாவோடு நிற்கிறார். அவர் எழுதுவதுதான் அந்தக் குடும்பத்தின் அடுத்த ஐந்து ஆண்டு. அவருக்கு நாம் கொடுத்த பயிற்சி, படகில் எப்படி ஏறுவது என்பது.

இதைச் சொல்லிக்கொடுப்பது முடியாத காரியம் இல்லை. பழைய புயல் ஒன்றின் உண்மைக் கோப்பை எடுங்கள், பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். சிட்டா, அடங்கல், புலப்படம் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேரை அலுவலராகவும் பாதிப் பேரை ஊர்க்காரராகவும் பிரியுங்கள். ஊர்க்காரராக இருப்பவர்களுக்குத் தனித்தனியாக ஒரு நியாயத்தை எழுதிக் கொடுங்கள். சிலருக்குப் பொய்யையும் கொடுங்கள். அலுவலர் பட்டியல் போடட்டும். அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். ஆட்சேபனை வரட்டும். ஒட்டாத பட்டியலை யாரும் நம்புவதில்லை; ஒட்டிய பட்டியலில் சண்டை வரும், ஆனால் அந்தச் சண்டை தீர்க்கக்கூடியது. அரை நாளில் இதை நடத்திவிடலாம். ஷாமியானாவும் தேவையில்லை, சைரனும் தேவையில்லை. படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது என்பதுதான் இதில் ஒரே குறை.

பட்டியலில் யார் விடுபடுகிறார்கள் என்பதற்கு ஆழிப்பேரலைக் காலம் நமக்கு ஒரு முழு நூலகத்தையே விட்டுப்போயிருக்கிறது. நிவாரணம் முதலில் மீனவர்களுக்குப் போனது, அது நியாயம். ஆனால் கரையை நம்பிப் பிழைத்தவர்கள் மீனவர் மட்டும் இல்லை. மீன் ஏற்ற இறக்க வந்த கூலிக்காரர்கள், உப்பளத் தொழிலாளர்கள், கடல்நீர் ஏறிய வயல்களில் கூலி வேலை பார்த்த தலித் மக்கள் எல்லாரும் வரிசையில் மிகவும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். மீனவர் ஊர்களுக்குள்ளேயும் பல இடங்களில் ஊர்ப் பஞ்சாயத்து தலைக்கட்டுக் கணக்கில்தான் பங்கு பிரித்தது. தலைக்கட்டு என்றால் வரி கொடுக்கிற ஆண். கணவனை இழந்து, அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்த பெண் தலைக்கட்டு ஆகமாட்டாள். ஊர்ப் பஞ்சாயத்தை ஒதுக்கிவிட்டு அரசால் எதையும் செய்திருக்க முடியாது. முதல் நாளிலிருந்து உடல்களைத் தேடியதும் சோறு போட்டதும் அவர்கள்தான். அவர்களோடு சேர்ந்து வேலை செய்துகொண்டே அவர்கள் கணக்கில் வராதவரையும் கணக்கில் கொண்டுவருவது எப்படி என்பது ஒரு தனிக் கலை. அன்று நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து சிநேகா என்ற தொண்டு நிறுவனமும் தென்னிந்திய மீனவர் கூட்டமைப்பும் ஓர் ஒருங்கிணைப்பு மையம் நடத்தின. எந்த ஊருக்கு எந்த அமைப்பு போகிறது, எங்கே இரண்டு முறை போயிற்று, எங்கே யாருமே போகவில்லை என்று தினமும் கணக்கு வைத்தார்கள். அந்த மையத்தின் வேலை முறையை நம் பயிற்சிக் கையேடுகளில் தேடிப் பாருங்கள். இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

உதவி வருவதும் ஒரு பேரிடர்தான். அனுபவப்பட்டவர்கள் சிரிப்பார்கள். நாகையில் சாலையோரம் மலைபோல் குவிந்து மழையில் நனைந்து நாறிய பழைய துணிகளை யார் மறக்க முடியும்? கடற்கரைப் பெண்களுக்கு ஸ்வெட்டர் வந்தது. சில ஊர்களில் கண்ணாடியிழைப் படகுகள் தேவைக்கு மேல் வந்து, கூலிக்குக் கடலுக்குப் போனவர்கள்கூடப் படகுச் சொந்தக்காரர் ஆனார்கள். பிறகு தொழிலுக்கு ஆள் கிடைக்காமல் படகுகள் கரையில் நின்றன. தற்காலிகக் குடியிருப்புகளுக்குத் தார்த் தகடு போட்டார்கள்; சித்திரை வெயிலில் உள்ளே மனிதர் இருக்க முடியவில்லை. தகட்டைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ‘தற்காலிகம்’ எத்தனை கோடையைத் தாண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதே காலத்தில் நல்ல பாடமும் நடந்தது. உப்பு ஏறிய வயல்கள் பல ஆண்டுக்கு உதவாது என்று கைவிரித்தவர்கள் உண்டு. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழையை வைத்து உப்பைக் கழுவி, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நெல்லை எடுத்தார்கள் நம் உழவர்கள். அவர்களில் யாரையாவது பயிற்றுநராக மேடைக்கு அழைத்திருக்கிறோமா?

இறந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல்கள் கிடந்தால் கொள்ளைநோய் பரவும் என்ற பயம் அன்று எல்லாருக்கும் இருந்தது. அவசரம் அவசரமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். பேரிடரில் காயத்தால் இறந்தவர்களின் உடல்களால் பொதுவாக அப்படி நோய் பரவுவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. அவசரத்தின் விலையைக் கொடுத்தது உயிரோடிருந்த குடும்பம். உடல் கிடைக்காதவர் இறந்ததாகக் கொள்ள வழக்கமாக ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆழிப்பேரலையின்போது அரசு நடைமுறையைத் தளர்த்தியதால் பல குடும்பங்கள் அந்தக் காத்திருப்பிலிருந்து தப்பின. ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண், முகத்துக்கு ஒரு படம், உடையிலும் உடலிலும் உள்ள அடையாளங்களுக்கு இரண்டு வரி, புதைத்த இடத்துக்கு ஒரு குறி என்று தலையாரிக்கும் காவலருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் பழக்கிவிட்டால் போதும். செல்போன் எல்லார் கையிலும் இருக்கிற காலம் இது.

முகாம்களைப் பற்றி நீங்கள் சொல்லும் பாடம் பெரும்பாலும் உணவுப் பொட்டலத்தோடு முடிகிறது. நிவாரண முகாமில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவுகள் உண்டு. உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் 600 பேரைத் தங்கவைக்கப் போவதாகத் திட்டத்தில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே எத்தனை கழிப்பறை இருக்கிறது, இரவில் விளக்கு எரியுமா, தாழ்ப்பாள் விழுமா என்று பயிற்சிக்கு வருகிறவர்களையே போய் எண்ணிவரச் சொல்லுங்கள். வகுப்பைவிட அது பெரிய பாடம்.

சரி, முதல் இரண்டு நாளுக்கான பயிற்சியாவது முழுமையாக இருக்கிறதா? அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நீங்கள் கைத்திறனைப் பழக்குகிறீர்கள், முடிவெடுப்பதைப் பழக்குவதில்லை. நம் ஒத்திகைகளை நினைத்துப் பாருங்கள். பத்து மணிக்குச் சைரன் ஒலிக்கும் என்று ஒரு வாரம் முன்பே சுற்றறிக்கை வரும். நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு படுத்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் மூலையில் தயாராக நிற்கும். அதிகாரி வந்ததும் எல்லாம் நடக்கும், பதினொன்றரைக்குத் தேநீர். இதில் தவறிப்போவதற்கு எதுவும் இல்லை. ஆகவே கற்றுக்கொள்வதற்கும் எதுவும் இல்லை. வெறுமனே பயனற்றது என்றால்கூடப் பரவாயில்லை. தவறான ஒத்திகை ஆளைக் கொல்லும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். ஜப்பானின் கமைஷி நகரில் உனோசுமாய் என்று ஒரு பகுதி. அங்கே ஊருக்கு நடுவில், தாழ்வான இடத்தில், பேரிடர் தடுப்பு மையம் என்ற பெயரில் ஒரு கட்டடம் திறந்தார்கள். ஆழிப்பேரலை வந்தால் ஓட வேண்டிய இடம் அது இல்லை. அதற்கு மேட்டில் வேறு இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் முதியவர்கள் மேடு ஏறச் சிரமப்படுகிறார்கள், ஒத்திகைக்குக் கூட்டம் வர வேண்டும் என்பதற்காக ஒத்திகையை இந்த மையத்திலேயே நடத்தினார்கள். 2011 மார்ச் 3 அன்றும் அப்படி ஒன்று நடந்தது. எட்டு நாள் கழித்து, மார்ச் 11 அன்று நிஜ அலை வந்தது. ஒத்திகையில் பழகிய இடத்துக்கே மக்கள் ஓடினார்கள். அங்கே 150 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று கணித்திருக்கிறார்கள். அதே நாள், அதே உனோசுமாயில், பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு பயிற்சி கிடைத்திருந்தது. தோஷிதாகா கதாடா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக அந்த நகரப் பள்ளிகளில், வரைபடம் போட்ட கோட்டை அப்படியே நம்பாதீர்கள், அந்த நேரத்தில் கண்ணால் பார்ப்பதை வைத்து முடிவெடுங்கள் என்று பழக்கியிருந்தார். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு, முதலில் குறித்திருந்த இடத்துக்கு ஓடினார்கள். அந்த இடம் சரியில்லை என்று கண்டு இன்னும் மேலே ஓடினார்கள். பிறகு அதற்கும் மேலே. அவர்கள் விட்டுவந்த இடங்களை அலை விழுங்கியது. பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஒரே ஊர், ஒரே அலை, இரண்டு வகைப் பயிற்சி. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரிலும் முடிவெடுத்த ஆட்கள் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழையைவிட அதிகம். அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ரயிலில் சுமார் 800 பேர். வெள்ளம் சூழ்ந்த நிலையத்தில் மாட்டிக்கொண்ட அவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு ஆக்கிக் கொண்டுவந்தார்கள். மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் வருவதற்கு முன்னால் வந்த சோறு அது. எந்தப் பேரிடரிலும் முதலில் வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். உங்கள் திட்டத்தில் அவர் ‘பொதுமக்கள்’ என்ற தலைப்பின் கீழ் அமைதி காக்க வேண்டியவராக மட்டும் இருக்கிறார்.

எச்சரிக்கை விடுவதிலும் இதே குறைதான். 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்கள் மூழ்கின. முன்கூட்டியே பல முறை எச்சரித்தோம் என்றது அரசு. எங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள் ஊர் மக்கள். இருவருமே உண்மை பேசியிருக்கலாம்! அனுப்பிய எச்சரிக்கை கோப்பில் இருக்கும். அது கடைசி வீட்டுக்குப் போனதா என்று திரும்பிக் கேட்கிற வழக்கம்தான் நமக்கு இல்லை. தவிர, 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி என்றால் என் வீட்டுத் திண்ணைக்கு வருமா, தலைக்கு மேல் போகுமா என்று ஒரு விவசாயிக்கு எப்படித் தெரியும்? 1972 வெள்ளத்தில் மாரியம்மன் கோயில் படி வரை வந்தது, இப்போது அதற்கு மேல் வரும் என்று சொல்லத் தெரிந்த ஆள் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருப்பார். எண்ணை அந்த ஊர் அடையாளமாக மாற்றிச் சொல்லப் பழக்குவதுதான் எச்சரிக்கைப் பயிற்சி.

2004இலேயே இதற்கு விடை சொன்ன ஊர் ஒன்று உண்டு. புதுச்சேரி பக்கத்து நல்லவாடு. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று இருந்தது. கடல் நிலவரத்தையும் அலை உயரத்தையும் ஒலிபெருக்கியில் அன்றாடம் சொல்லும் இடம் அது. அதே ஒலிபெருக்கியில் ஊரை எச்சரித்தார்கள். 3,500 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் தப்பியது. தினம் கேட்டுப் பழகிய குரல் என்பதால் மக்கள் நம்பி ஓடினார்கள். ஆண்டுக்கு ஒரு முறை சோதித்துப் பார்க்கும் சைரனுக்கு அந்த மரியாதை கிடைக்காது.

ஆகவே ஒத்திகையைக் கொஞ்சம் கெடுத்து நடத்துங்கள் என்று கேட்கிறேன். இரவு இரண்டு மணிக்குச் சொல்லாமல் நடத்துங்கள். வட்டாட்சியர் ஊரில் இல்லை என்று வையுங்கள். செல்போன் கோபுரம் விழுந்துவிட்டது என்று எல்லாரிடமும் போனை வாங்கி வையுங்கள். புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வெளியூர் கல்யாணத்துக்குப் போயிருந்தால் யார் பூட்டை உடைப்பது, உடைத்தால் மறுநாள் மெமோ வருமா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். மெமோவுக்குப் பயந்த ஊழியர் உத்தரவு வரும்வரை காத்திருப்பார், தண்ணீர் காத்திருக்காது. ஒத்திகையில் தப்பு செய்தவரைக் கடிந்துகொள்ளாமல், எங்கே தடுக்கியது என்று அன்றே உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள். எல்லாம் சிறப்பாக நடந்தது என்று அறிக்கை வந்தால் அந்த ஒத்திகையை மறுபடி நடத்தச் சொல்லி உத்தரவிடும் உயர் அதிகாரி எங்காவது இருந்தால், அவருக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

யாருக்குப் பயிற்சி என்பதையும் நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் தெருக்களை அள்ளிச் சுத்தம் செய்ய வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை லாரியில் கொண்டுவந்தார்கள். அழுகிய குப்பையில் கையுறை இல்லாமல், தங்குவதற்குச் சரியான இடம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். நகரம் எழுந்தது அவர்கள் தோளில். எந்தப் பேரிடர்ப் பயிற்சிப் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது? கஜாவில் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்கள், வெளியூரிலிருந்து வந்து எந்த மின்பாதை எங்கே போகிறது என்று தெரியாமல் தடவியவர்கள், அவர்களுக்கு? 2015இல் சென்னைக்கும் 2018இல் கேரளத்துக்கும் 2023இல் தாமிரபரணிக் கரைக்கும் தங்கள் படகைத் தூக்கிக்கொண்டு வந்த மீனவர்களுக்குப் படகோட்டக் கற்றுத்தர நாம் யார்? அவர்களுக்குத் தேவை வேறு. டீசல் காசு யார் தருவார், காம்பவுண்டு கேட்டு முள்ளில் கிழிந்த படகை யார் சரிசெய்து தருவார், தெருவின் குறுக்கே கிடக்கும் மின்கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான். இதை முன்கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டியது நம் பக்கம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். வங்கதேசத்தில் 1970 புயலில் லட்சக்கணக்கானோர் இறந்தபின் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கு மேல் தன்னார்வலர்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். வீட்டுக்குள் போய், கர்ப்பிணியையும் கிழவியையும் வெளியே கூட்டிவர அவர்களால்தான் முடிகிறது. நம்மிடம் அங்கன்வாடிப் பணியாளர் இருக்கிறார், கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார், மகளிர் சுயஉதவிக் குழு ஊருக்கு ஊர் இருக்கிறது. எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஆள், எந்த வீட்டில் இன்சுலின் போடுகிறவர், யாருக்கு எட்டாம் மாதம் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கிறது. நம் பயிற்சிகளில் அவர்களுக்கு வரவேற்பில் சந்தனம் கொடுக்கும் வேலை.

இன்னொரு நடைமுறைக் கோளாறு இருக்கிறது. செப்டம்பரில் பயிற்சி பெற்றவருக்கு அக்டோபரில் மாறுதல் உத்தரவு வருகிறது. இரண்டு கிராமத்துக்கு ஒரே நிர்வாக அலுவலர், கூடுதல் பொறுப்பு என்ற பெயரில். பயிற்சி ஆளோடு போய்விடாமல் ஊரில் தங்க வேண்டுமானால் அதை ஊர்க் கையேடாக எழுதி வைக்க வேண்டும்: எந்த வாய்க்கால் எங்கே உடைக்கும், சவுக்குக் கம்பும் மணல் மூட்டையும் எங்கே கிடைக்கும், யாரிடம் ஜேசிபி இருக்கிறது, போன முறை பட்டியலில் யார் விடுபட்டார்கள். புதிதாக வருகிறவர் பொறுப்பேற்கும் நாளில் அ-பதிவேட்டோடு அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சிக்குப் போகிற இளநிலை உதவியாளர்களுக்கு அலுவலக நடைமுறையோடு, நிவாரணக் கோப்பு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை நடத்திக் காட்டும் வகுப்பு ஒன்றும் இருக்கட்டும். பிற்பாடு அந்தக் கோப்புதான் அவர்கள் மேசையில் ஆறு மாதம் கிடக்கும்.

என் கோரிக்கை பெரிதில்லை. வருகிற அக்டோபருக்கு முன்னால், உங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு பயிற்சியை மூன்றாம் நாளிலிருந்து தொடங்கி நடத்திப் பாருங்கள். புயல் போய்விட்டது, படகுக்கு வேலை இல்லை, அலுவலகத்துக்கு வெளியே இருநூறு பேர் நிற்கிறார்கள் என்று ஆரம்பியுங்கள். ஆழிப்பேரலையிலும் கஜாவிலும் பட்டியல் போட்ட கிராம நிர்வாக அலுவலர்களும் தலையாரிகளும் இன்னும் சிலர் பணியில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கையில் மைக் பிடித்துப் பழக்கம் இருக்காது. பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்னால் அழையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியன்